எட்டுக் கிலோ

பஸ் டிரைவருக்கு உடம்பில் கொழுப்பு என்று மனைவி சொல்லியிருக்கிறாள், வாயில் கொழுப்பு என்று டெப்போ மேலாளர் சொல்லியிருக்கிறார். ஈரலிலும் கொழுப்பு என்று டாக்டர்தான் ஸ்கேன் எடுத்துக் கண்டுபிடித்தார்.

அக்காவின் ஈரல் போய்விட்டது. உறவில் ஒருவர் தன் ஈரலில் ஒரு துண்டைக் கொடுத்தால் அவள் பிழைப்பாள். தேடித் துழாவியதில் பொருந்திய ஆள் தம்பி ஒருவன்தான். ஆனால் கொழுப்பு மண்டிய ஈரலை எடுத்து வைக்க முடியாதாம்.

"எட்டுக் கிலோ குறைச்சுட்டு வாங்க. ரெண்டு மாசம் டைம். அதுக்கு மேல அவங்க உடம்பு தாங்காது," என்றார் டாக்டர்.

பக்கத்து அறையில் உணவு ஆலோசகர் அம்மா ஒரு தாளை நீட்டினார். தினமும் முக்கால் மணி நேரம் நடக்கணும், ஏழு மணி நேரம் தூங்கணும், சர்க்கரை கூடாது, லிஃப்ட் இருந்தாலும் படியில் ஏறணும். கடைசி வரியில், பஸ்ஸில் போகிறவர்கள் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடக்கவும் என்று இருந்தது.

"நான் இறங்கிட்டா மத்தவங்க எப்படிம்மா போவாங்க?" என்றான்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. அவனும் சிரிக்க வைக்கச் சொல்லவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் ஒழுங்காகத்தான் செய்தான். ஒவ்வொரு டிரிப் முடிந்ததும் கிடைக்கிற பத்து நிமிஷத்தில் மற்றவர்கள் டீக்கடைக்குப் போக, இவன் தன் பஸ்ஸையே சுற்றிச் சுற்றி நடந்தான். "எந்தச் சக்கரத்தைக் காணோம்னு இப்படித் தேடறே?" என்று டைம் கீப்பர் தினம் ஒரு தடவை கேட்டார். வீட்டுக்கு ஐந்து மாடியும் படியேறினான். பத்து மணிக்கெல்லாம் படுத்தான். மதியம் ஸ்டியரிங்கில் கண்ணைச் சொருகிக்கொண்டு வருகிற தூக்கம் நின்றுபோயிற்று.

முதல் இரண்டு வாரத்தில் இரண்டு கிலோ இறங்கியது. பிறகு வீட்டு எடை மெஷினின் முள் அசைவேனா என்றது.

"சிலருக்கு உடம்பு வாகு அப்படி," என்றாள் மனைவி.

இதற்கு அவன் பதறியிருக்க வேண்டும். பதறவில்லை. உட்கார்ந்தே இருந்து கால் மரத்துப் போவது டிரைவர்களுக்குப் புதிதில்லை. இப்போது அது நெஞ்சுக்குள் நடந்தது. அக்கா போன் பண்ணினால் பேசுவான், வைப்பான், மறுபடி நடப்பான்.

மனைவிக்கு வேறொரு ஆஸ்பத்திரியின் சமையலறையில் வேலை. எலும்பும் தோலுமாகப் போய், இரண்டு வாய்க்கு மேல் இறங்காத நோயாளிகளுக்கு சூப் வைப்பாள். மூன்று வேளைச் சத்தையும் நாக்குக்குத் தெரியாமல் ஒரு கிண்ணத்துக்குள் அடக்கிவிடுவதில் அங்கே அவளை மிஞ்ச ஆள் கிடையாது. டிரைவரின் ராத்திரி சூப்பும் அவள் கையால்தான்.

ஏழாவது வாரம் ஒரு நாள் பஸ்ஸில் பிரேக் பிடிக்கவில்லை, பாதி டியூட்டியில் அனுப்பிவிட்டார்கள். ஐந்து மாடி ஏறி உள்ளே வந்தான். அடுப்படியில் அவள் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். மேடையில் இரண்டு கிண்ணம். அவனுடையதில் நாலு கரண்டி பால் பவுடரைக் கொட்டினாள், அதன் தலையில் ஒரு கரண்டி எண்ணெயை ஊற்றினாள், நுரை தட்டக் கடைந்தாள். திரும்பியவள் அவனைப் பார்த்தாள். எதையும் மறைக்கவில்லை.

"எத்தனை நாளா?"

"மூணாவது வாரத்துலேர்ந்து. எடை இறங்க ஆரம்பிச்சதும் எனக்கு பயம் வந்துருச்சு."

"அக்கா போயிடுவா."

"தெரியும். நீங்க போயிட்டா? ஆப்பரேஷனுக்கு உள்ள போனவங்க எல்லாருக்குமா நான் மறுநாள் சூப் கொண்டு போறேன்? உங்க அக்கா பாவம்தாங்க. ஆனா எனக்கு நீங்க வேணும்."

அவள் அழவில்லை. அடுப்பைச் சின்னதாக்கினாள்.

வேறு எவனாவது இருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பான். இவன் கோபத்தை உள்ளே தேடிப் பார்த்தான், அகப்படவில்லை. அகப்பட்டது நிம்மதி. ஸ்கேன் எடுத்த அன்றைக்கே வயிற்றில் வந்து உட்கார்ந்த பயத்தை அவன் ஒருத்தரிடமும் வாய் விட்டுச் சொன்னதில்லை. இனிமேல் கத்தி தன்னைத் தொடாது என்றதும் அப்பாடா என்றிருந்தது. கூடப் பிறந்தவன் நினைக்கிற நினைப்பு இல்லை இது என்று தெரிந்தது. தெரிந்ததே தவிர, உறைக்கவில்லை.

"ஆறிடப் போகுது, கொடு," என்றான்.

அன்றைக்கும் குடித்தான், அடுத்த பத்து நாளும் குடித்தான். அதைப் பற்றி இரண்டு பேரும் மறுபடி பேசவில்லை. நடையை மட்டும் அவன் விடவில்லை.

கெடு நாளில் மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அக்காவின் கண் மஞ்சளாக இருந்தது, கைக்கடிகாரம் முழங்கை வரை வழுக்கியது. டிரைவர் ஷூவைக் கழற்றிவிட்டு மெஷினில் ஏறினான். தொண்ணூற்றொன்றில் ஆரம்பித்தவன், இறங்கிய இரண்டில் ஒன்று திரும்பி வந்து, தொண்ணூறு.

"ஒரு கிலோ," என்றார் டாக்டர். "இனிமே காத்திருக்க முடியாது. இறந்தவங்க ஈரலுக்குக் காத்திருக்கிற பொதுப் பட்டியல்ல இவங்க பேரைப் போட்டுடறேன். முன்னால நிறைய பேர் இருக்காங்க, பாப்போம்." தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

அக்காதான் முதலில் தேறினாள்.

"விடுடா தம்பி. உடம்பு ஒத்துழைக்கலேன்னா நீ என்னடா பண்ணுவே? ரெண்டு மாசமா மாடு மாதிரி நடந்திருக்கே." பக்கத்தில் இருந்த தம்பி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கும் கஷ்டம்தாம்மா. வாய்க்கு ருசியா ஒண்ணு ஆக்கிப் போட முடியாம நீயும் இவனோட சேர்ந்து பட்டினி கிடந்திருப்பே. இந்த நன்றியை நான் மறக்க மாட்டேன்."

"இல்லைங்க அண்ணி..." என்று ஆரம்பித்தவள் அதோடு நிறுத்திக்கொண்டாள். அக்கா அவள் கையை விடவில்லை.

டிரைவர் குனிந்து ஷூவை மாட்டினான். அக்கா அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"இனிமேலாவது வயிறார சாப்பிடுடா."

"சரிக்கா," என்றான்.