மாங்கனீசு மேடு

சந்தைப்பேட்டைப் பருப்பு வியாபாரி லிங்கப்பன் ஏமாந்து எதையும் வாங்குகிறவர் அல்ல. விற்கும்போது மட்டும் மற்றவர்களைக் கொஞ்சம் ஏமாற விடுவார். அப்படிப்பட்டவர், மனைவி தேவம்மாவுக்குச் சீராக வந்த நெல்வயலைக் கொடுத்துவிட்டு, நஞ்சன்கூட்டுக்கு அப்பால் ஒரு மொட்டை மேட்டை மாற்றிக்கொண்டார். மேடு முழுக்கக் கறுப்புக் கல். ஐரோப்பாவில் சண்டை நடக்கிறது, உருக்குக்கு மாங்கனீசு கேட்டுப் பறக்கிறார்கள் என்று ரயிலில் யாரோ பேசியது அவர் காதில் விழுந்திருந்தது. முன்னாடியே சோதித்தால் விஷயம் கசிந்து மேட்டுக்காரன் முறுக்கிக்கொள்வான் என்று, பத்திரம் பதிந்த பிறகே கல்லைக் கல்லூரி ரசாயன ஆசிரியர் ஸ்ரீகண்டனிடம் எடுத்துப் போனார்.

கூடவே தேவம்மாவும் வந்தாள், கையில் துணிமூட்டையோடு.

"வெறுங்கல்லுன்னா இதே ஜட்காவுல டேசனுக்குப் போயி எங்கண்ணன் ஊட்டுக்கு ரயிலேறிருவேன். நீங்க மேட்டைக் கட்டிக்கிட்டு அழுங்க."

ஜட்கா வாசலில் நின்றது.

ஸ்ரீகண்டன் கல்லைப் புரட்டினார். கண்ணாடிபோல் மின்னியது.

"பளபளப்பு ஜோரா இருக்குங்களா சாமி?"

"பளபளப்பு யாருக்கய்யா வேணும்? நல்ல மாங்கனீசுக் கல்லைத் தொட்டாலே விரல் கறுப்பாகும். இது ஆகலையே." மெருகிடாத பீங்கான் ஓடு ஒன்றை எடுத்தார். "மேல்நிறம் பொய் சொல்லும், இதுல தேய்ச்சா விழற பொடி சொல்லாது. சிவப்பாக் கோடு விழுந்தா இரும்பு. கறுப்பா விழுந்தா உம்ம அதிர்ஷ்டம்."

தேய்த்தார். கல் வழுக்கிக்கொண்டு போயிற்று, கோடே விழவில்லை. ஸ்ரீகண்டன் உதட்டைப் பிதுக்கினார். தேவம்மா மூட்டையைக் கக்கத்தில் இடுக்கினாள். பேரத்தில் ஊரையே மடக்கும் லிங்கப்பன் வாசலை மறித்து நின்றார்.

கையைத் துடைக்கப் போன ஸ்ரீகண்டன் நின்றார். விரலெல்லாம் பிசுபிசுப்பு. மோந்து பார்த்தார்.

"ஓய், இதென்ன, விளக்கெண்ணெயா?"

"மாதிரி காட்டறதுன்னா ஒரு கை எண்ணெய் பூசறதுதானுங்களே. துவரம்பருப்புக்கெல்லாம் அப்படித்தானுங்க."

"இதைப் போட்டு நான் சாம்பார் வைப்பேன்னு நெனச்சீரா?"

சுத்தியலால் பிளந்தார். எண்ணெய் எட்டாத உட்புறம் ஊசி ஊசியாய்க் கறுத்திருந்தது. தொட்ட விரல் மையாயிற்று. தேவம்மாவும் ஒரு விரல் வைத்துப் பார்த்தாள். ஓட்டில் இம்முறை கறுப்புக் கோடு அழுத்தமாக விழுந்தது.

"அடுப்புக்கரிகூட இப்படி எழுதும். பொறும்." பொடியில் உப்புத் திராவகம் விட்டுச் சூடு காட்டினார். மஞ்சளும் பச்சையுமாய் ஒரு புகை எழுந்து மூக்கில் ஏறியது. மூவரும் இருமினார்கள்.

"கரியில இந்தப் புகை வராது. மாங்கனீசுதான்! அந்த ஜன்னலைத் திறங்கோ! எவ்வளவு கிடக்குன்னு மட்டும் தோண்டித்தான் பார்க்கணும்."

லிங்கப்பன் ஜன்னலைத் திறந்துவிட்டு அங்கேயே சாய்ந்தார். இருமினாரா, சிரித்தாரா, அழுதாரா என்று அவருக்கே தெரியவில்லை.

வெளியே வந்ததும் தேவம்மா மூட்டையைக் கணவரிடம் கொடுத்தாள். கறுத்த விரலை அவருடைய வெள்ளைச் சட்டையில் நிதானமாகத் துடைத்தாள். "சந்தைப்பேட்டைக்கே விடப்பா" என்று ஏறி உட்கார்ந்தாள்.

வண்டி திரும்பியது.

"ஏனுங்க, ஊட்டுல இருக்கற மத்த கல்லுக்கும் எண்ணெய் பூசியாச்சா?"

"ஒரே ஒரு மூட்டைக்குத்தான் தேவு."

"போனதும் சீயக்கா போட்டு நீங்களே கழுவுங்க. என்னையக் கூப்புடாதீங்க."