சூட்டுக்குறி

ஐந்து எருதுகள் ஏறிவிட்டன. ஆறாவது டிரெய்லர் வாசலில் நின்றுகொண்டு உள்ளிருட்டை முகர்ந்து பார்த்தது. அதன் கொம்பு நுனிக்கு நுனி நாலடிக்கு மேல்; வாசலோ மூன்றடி. லாங்ஹார்ன் மாட்டுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை. தலையை ஒருக்களித்து ஒரு கொம்பை முதலில் உள்ளே விட்டு, மற்றதைப் பின்னால் இழுத்துக்கொண்டு நுழைந்துவிடும். ஆனால் அது தானாக மனசு வைத்துச் செய்ய வேண்டிய வேலை. விரட்டினால் தலையை நிமிர்த்திக்கொண்டு முட்டும். அப்புறம் கொம்பு உடையும், இல்லாவிட்டால் கம்பி உடையும், இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்கிறவர் விலா உடையும்.

ரோண்டா பத்தடி பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மணி ஆறரை ஆகியிருந்தது. இறைச்சிக்கூடம் ஐம்பது மைல் தள்ளி. அங்கே ஏழரைக்கு இருக்க வேண்டும். பத்தரைக்கு மேசன் ஊர்த் தேவாலயத்தில் அவள் அப்பாவின் சவப்பெட்டியை மூடுவார்கள்.

"ஒரு தட்டு தட்டினா ஏறிடும்மா," என்றார் டெல்பர்ட். பக்கத்துப் பண்ணைக்காரர். உதவிக்கென்று விடியும் முன்பே வந்திருந்தார்.

"தட்டினா ஏறின அஞ்சும் சேர்ந்து இறங்கிடும்."

"உங்கப்பன்கிட்ட நாப்பது வருஷமா சொன்னேன், என்னை மாதிரி கறுப்பு மாடு வாங்குடான்னு. கொம்பும் கிடையாது, வம்பும் கிடையாது. கேட்டானா?" சொல்லிவிட்டு அவர் தொப்பியைக் கழற்றி, உள்ளே ஏதோ இருக்கிற மாதிரி பார்த்தார். தண்ணீர்த் தொட்டி ஓரமாக ரோண்டாவின் அப்பா ஹில்மர் விழுந்து கிடந்ததைச் செவ்வாய்க்கிழமை முதலில் பார்த்தவர் அவர்தான்.

அன்றைக்கு ரோண்டா ஊரில் இல்லை. சான் அன்டோனியோவில் வீடு வீடாக இறைச்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் திரும்பி வருவதற்குள் உடலை எடுத்துப் போய்விட்டார்கள். ஆள் யாருமில்லாத இடத்தில் தனியாகச் செத்தால் அறுத்துப் பார்க்காமல் விடக் கூடாதாம். ஆஸ்டினுக்குப் போன உடல் இன்றைக்குக் காலையில்தான் தேவாலயத்துக்கு வருகிறது. ஆக, செவ்வாய்க்கிழமை விடிகாலையில், "சாவியை எங்கடி வெச்சே?" என்று எரிந்து விழுந்த அப்பாவைத்தான் அவள் கடைசியாகப் பார்த்தது. இன்றைக்கு விட்டால் இனி அந்த முகம் இல்லை.

இறைச்சிக்கூடத்தின் தேதியை ஜனவரியிலேயே வாங்கி வைத்திருந்தாள். சாவு வரப்போகிறது என்று தேதிக்குத் தெரியுமா? மாற்றித் தரச் சொல்லி நேற்று முழுக்கப் போனில் கெஞ்சினாள். "ரொம்ப வருத்தமா இருக்கும்மா. அடுத்தது மார்ச்ல தரேன்," என்றாள் அங்கிருந்த பெண். மார்ச்சில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? எருதுகளுக்கு இப்போதே இருபத்தொன்பது மாதம். புல்லை மட்டும் தின்று வளர்கிற மாடு நிதானமாகத்தான் சதை பிடிக்கும். அதற்குமேல் இழுக்கவும் முடியாது. முப்பது மாதத்தைத் தாண்டினால் பல்லைப் பார்த்தே கண்டுபிடித்து, பைத்தியமாட்டு நோய்ச் சட்டப்படி முதுகெலும்பைக் கழித்துவிடுவார்கள். எலும்போடு கேட்ட குடும்பங்களுக்கு எலும்போடு தர முடியாது. அதைவிட, மழையில்லாத வருஷத்தில் ஆறு எருதுகளுக்கு இன்னும் ஐந்து மாதத்துக்குப் புல் எங்கே இருக்கிறது?

அம்மாவிடம் கேட்டாள். நெல்டா ஒரு நிமிஷம் யோசித்து, "அவரா இருந்தா மாட்டைத்தான் ஏத்துவார்," என்றாள். அது உண்மை. அவர் மாமியார் செத்த அன்றைக்கும் கன்றுகளுக்குக் காயடித்துவிட்டுத்தான் வந்தார்.

ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஆறாவது எருது, இதற்கா இவ்வளவு நேரம் என்பது போலத் தலையைச் சாய்த்து உள்ளே போனது.

*

அரைமணி நேரம் தாமதமாகப் போனதில், நேரத்துக்கு வந்த மூன்று வண்டிகளுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். அங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. விஷயத்தைச் சொன்னதும் ஒருவர் காபி கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் வரிசை வரிசைதான். ஒன்பதே முக்காலுக்குத்தான் கடைசி எருது இறங்கியது. காலி டிரெய்லர் பின்னால் கடகடக்க அவள் திரும்பினாள். வழியில் தம்பியைக் கூப்பிட்டாள்.

"கர்ட், கால் மணி நேரம் பெட்டியை மூடாம வை. வந்துகிட்டே இருக்கேன்."

"எங்க இருக்கே?"

"பாதி வழியில. கால் மணி நேரம்தான்டா."

"சரி, சரி. பாத்து ஓட்டு."

கர்ட் சான் அன்டோனியோவில் காப்பீட்டு வேலையில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு வருவான், மான் வேட்டைக்கு வருவான். வந்தால் குழந்தைகளை வேலியோரம் நிறுத்தி, மாடுகளோடு படம் எடுப்பான். மற்றபடி நல்லவன்தான். நல்லவனாக இருப்பதற்கு அவனுக்கு நேரம் இருந்தது.

அவள் டிரெய்லரோடு தேவாலய வளாகத்துக்குள் திரும்பியபோது மணி பத்து நாற்பது. பின்பக்கக் கழிவறையில் கறுப்பு உடைக்கு மாறினாள். செருப்பை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தாள். சாணி ஒட்டின பூட்ஸோடு நடுவழியில் நடந்து போனாள். பெட்டி மூடியிருந்தது. மூடியின்மேல் மஞ்சள் பூ வைத்திருந்தார்கள்.

"என்னடா?" என்று தம்பி காதில் கேட்டாள்.

"எல்லாரும் வந்து உக்காந்தாச்சு ரோண்டா. பாஸ்டருக்கு மதியம் வேற ஜோலி இருக்காம். நான் என்ன பண்றது?"

"கால் மணி நேரம்."

"நீதானே மாட்டைக் கூட்டிட்டுப் போனே?"

திறக்கச் சொல்லியிருக்கலாம். ஊரே பின்னால் உட்கார்ந்திருந்தது. பாட்டுப் புத்தகம் கையில் விரிந்திருந்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். பாஸ்டர், ஹில்மர் எவ்வளவு பொறுமைசாலி என்று பேச ஆரம்பித்தார். பின்வரிசையில் டெல்பர்ட் செருமினார். அவள் அந்த மஞ்சள் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் அப்பாவின் தலை எந்தப் பக்கம் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

*

அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் சாப்பாடு. பிரிஸ்கெட், சாசேஜ், உருளைக்கிழங்கு சாலட், ஆறு வகையில் பீக்கன் பை. சாவு வீட்டுக்காரர்கள் ஒரு நீள மேஜையில் உட்கார, ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். கவுன்ட்டி அலுவலகத்தில் முப்பது வருஷமாக இருக்கிற வெர்னெல் தட்டோடு வந்து கர்ட்டுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்போ ஊரோட வந்துடப்போறே, அப்படித்தானே?"

"நானா? அதெல்லாம் இன்னும் யோசிக்கல."

"என்ன யோசனை? சூட்டுக்குறி உன் பேர்லதானே இருக்கு. போன தடவை புதுப்பிக்க வந்தப்ப உங்கப்பா சொல்லச் சொல்ல நான்தானே எழுதினேன். இடது தொடையில அரைவட்டம், உள்ளே சாய்கோடு. 'கர்ட் பேர் போடு வெர்னெல்'னார். எவ்வளவு பெருமை அந்த முகத்துல."

டெக்சஸில் மாட்டுக்குப் போடுகிற சூட்டுக்குறியைப் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை கவுன்ட்டியில் புதுப்பிக்க வேண்டும். நிலம் யாருடையதாகவும் இருக்கட்டும். மாடு யாருடையது என்று கேள்வி வந்தால் எல்லோரும் பார்ப்பது அந்தப் பதிவைத்தான். ரோண்டாவுக்கு அது நன்றாகத் தெரியும். புதுப்பிக்கிற கடைசி நாள் வருகிறது என்று அப்பாவுக்கு நினைவூட்டி, நகம் வெட்டிவிட்டு, வண்டியில் ஏற்றி அனுப்பியதே அவள்தான்.

அவள் முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள். "உனக்குத் தெரியுமா?" என்று கர்ட்டைக் கேட்டாள்.

"அப்பா ஒரு தடவை சொன்னார். உனக்கும் சொல்லியிருப்பார்னு நினைச்சேன்."

வெர்னெல் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காபி வாங்கி வருவதாகச் சொல்லி எழுந்து போனாள்.

"இதைப் பெருசா எடுத்துக்காதே," என்றான் கர்ட். "நீயேதான் பாத்துக்கப் போறே. நான் வந்து மாடா மேய்க்கப்போறேன்? என்ன, நெடுஞ்சாலை ஓரமா வீட்டுமனை போடறாரே, அவர் முன்வாசல்ல நிறுத்தப் பத்து மாடு கேக்கறார். நல்ல கொம்பாப் பாத்து. வெட்டறதை விட அதுல காசு ஜாஸ்தி."

"அது எல்லாம் கன்னு போடற பசு, கர்ட்."

"இருக்கட்டுமே. லாங்ஹார்னை யார் திங்கறதுக்கு வளர்க்கறாங்க? பாக்கறதுக்குத்தானே?"

பதினைந்து வருஷம் அவள் இந்த வார்த்தையோடுதான் மல்லுக்கட்டினாள். முதலில் அப்பாவோடு. அவர் கொம்பை அளப்பார், கண்காட்சிக்கு ஓட்டிப் போவார், கோப்பை வாங்கி வருவார். வருஷ முடிவில் வீட்டில் கோப்பைதான் இருக்கும். தீவனம் வாங்குவதை நிறுத்தியது அவள். மேய்ச்சலைத் துண்டு துண்டாகக் கம்பி கட்டிப் பிரித்து, தினம் ஒரு துண்டுக்கு மாற்றியது அவள். கொழுப்பில்லாத கறி என்று சொல்லிச் சொல்லி நகரத்தில் வாங்குகிற வீடுகளைப் பிடித்தது அவள். "புல்லு திங்கறதுக்குப் பேரு ஒரு வியாபாரமா?" என்று அப்பா சிரித்தார். லாபம் வர ஆரம்பித்த பிறகு அவர் சிரிக்கவில்லை. பாராட்டவும் இல்லை. பாராட்டு என்பது அந்த வீட்டில் வாங்காத சாமான்.

அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீயும் தெரிஞ்சுதான் இருந்தியா?"

நெல்டா மடிப்பை அழுத்திவிட்டாள். "அவன் திரும்பி வரட்டும்னு செஞ்சார் ரோண்டா. பேர்ல ஏதாவது இருந்தா வருவான்னு நினைச்சார்."

"நான்?"

"உனக்கு எதுக்கு எழுதணும்னார். நீதான் எப்படியும் இருப்பியே, எங்க போகப்போறேன்னார்."

அதைச் சொன்னபோது அம்மாவின் குரலில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஏதோ நல்ல வார்த்தையை எடுத்துச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். ரோண்டாவுக்கு வந்த கோபத்தில் அந்த மூடின பெட்டியைத் தோண்டியெடுத்துத் திறந்து, முகத்தைப் பார்த்து நாலு கேள்வி கேட்க வேண்டும் போல இருந்தது.

*

நாலு மணிக்கு வீட்டுச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக ஊர்ப்பெண்கள் கொண்டுவந்து கொடுத்த கண்ணாடித் தட்டுகளும் மூடிபோட்ட பாத்திரங்களும் மேஜை கொள்ளாமல் இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு துண்டு டேப் ஒட்டி, உடையவள் பேர் எழுதியிருக்கும். கழுவித் துடைத்து, பேர் பார்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

வெளியே மாடுகள் கத்த ஆரம்பித்தன. நாலு மணி என்றால் அவற்றுக்கு அடுத்த மேய்ச்சல் துண்டைத் திறக்க வேண்டும். நாற்பது பசுக்களும் கம்பியோரம் வந்து நின்றுகொண்டு வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தன. ரோண்டா ஒரு தட்டைத் துடைத்து வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள்.

"மாடு கத்துது," என்றாள் அம்மா.

"கேக்குது."

"திறந்துவிடணுமில்ல?"

"குறி யார் பேர்ல இருக்கோ அவங்க திறக்கட்டும்."

கர்ட் முன்னறையிலிருந்து எட்டிப் பார்த்தான். இதற்குள் சமாதானம் ஆகிவிட வேண்டும் என்ற அவசரம் அவன் முகத்தில் தெரிந்தது. "நான் போறேன். நீ இரு. கேட்டைத் திறக்கறதுதானே?" என்று அப்பாவின் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, சாவுக்குப் போட்டிருந்த பளபளப்பான ஷூவோடு இறங்கினான்.

ஜன்னலிலிருந்து இரண்டு கேட்டும் தெரிந்தன. இடது பக்கத்தது இன்றைக்குரிய துண்டு. வறட்சியில் கணுக்கால் உயரம்தான் புல். வலது பக்கம் இருந்தது குளிர்காலத்துக்கானது. ஜூனிலிருந்து அதில் ஒரு குளம்பு படவில்லை. முழங்காலுக்கு மேல் வளர்ந்து, நுனி சிவந்து, காற்றில் சாய்ந்து நின்றது. டிசம்பர் தொடங்கி பிப்ரவரி முடிய அதை நாலு நாலு நாளாக அளந்து கொடுக்க வேண்டும். அது இருப்பதால்தான் வைக்கோல் வாங்காமல் காலம் தள்ள முடிகிறது. பண்ணையில் லாபம் என்று ஒன்று இருந்தால் அது அங்கேதான் நின்றுகொண்டிருந்தது.

கர்ட் இரண்டு கேட்டையும் பார்த்தான். எந்தப் பக்கம் புல் நன்றாக இருக்கிறது என்று யாருக்குத்தான் தெரியாது? வலது பக்கம் நடந்தான்.

"ரோண்டா," என்றாள் அம்மா, "அவன் தப்பான பக்கம் போறான்."

ரோண்டா பார்த்தாள். கூப்பிடு தூரம்தான். ஜன்னல் திறந்தே இருந்தது.

"சொல்லேன் அவன்கிட்ட."

கர்ட் சங்கிலியைக் கழற்ற முடியாமல் கொஞ்ச நேரம் இழுத்துக்கொண்டிருந்தான். பிறகு கழற்றிவிட்டான். முதல் பசு கொம்பை ஒருக்களித்து உள்ளே போனது. பின்னாலேயே மற்றவை, ஓட்டமும் நடையுமாக, ஒன்றன் முதுகில் ஒன்று இடித்துக்கொண்டு போயின. கத்தல் நின்றது. நாற்பது தலையும் ஒரே சமயத்தில் குனிந்தன.

மாடுகள் தன் பேச்சைக் கேட்டுவிட்டன என்று கர்ட்டுக்கு ஒரே சந்தோஷம். தொப்பியைக் கழற்றி வீட்டைப் பார்த்து ஆட்டினான். அம்மாவின் கை பாதி உயர்ந்து அப்படியே நின்றது.

ரோண்டா அடுத்த பாத்திரத்தை எடுத்துத் துடைத்தாள். கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த பேரைப் படித்தாள்.