மன்னிப்புக்கு வெளியே நின்றவர்

1865ஆம் ஆண்டு ஜூன் மாதம். கோப்பன்ஹேகன் துறைமுகத்தைப் பார்த்த வாடகை அறையொன்றில் ஹொரேஸ் பெல்ட்டன் பத்திரிகையை மூன்றாம் முறையாக வாசித்தார். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்துவிட்டது. தோற்ற தென்மாநிலத்தாருக்கு அரசு பொதுமன்னிப்பு அறிவித்திருந்தது. சிலருக்கு மட்டும் கிடையாது: நாடாளுமன்றப் பதவியை உதறிவிட்டுக் கிளர்ச்சிக்குப் போனவர்கள், தெற்கின் முகவர்களாக வெளிநாடு சென்றவர்கள். பெல்ட்டன் இரண்டிலும் அகப்பட்டார்.

தென்மாநிலமான ஜோர்ஜியாவில் பேரெடுத்த வழக்கறிஞர் அவர். எட்டு வருடம் வாஷிங்டன் நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்து, அடிமைமுறை சட்டப்படி சரியே என்று மேசையில் அடித்துப் பேசியவர். தெற்குக்குப் போர்க்கப்பல் வாங்க வந்து இரண்டு வருடமாகிவிட்டது. கப்பலும் கிடைக்கவில்லை, இப்போது நாடும் இல்லை. ஊருக்குப் போனால் கைது செய்வார்கள். இங்கே அவருடைய மொழி பேச ஒருவன்தான் இருந்தான், கூட்டிவந்த அடிமை சைலஸ்.

அன்று காலை சைலஸ் தொப்பியும் கையுமாக வந்து நின்றான்.

“நான் போறன் ஐயா. லிவர்பூல் போற கப்பலிலை சமையல் வேலை கிடைச்சிருக்கு. அங்கையிருந்து அமெரிக்கா போயிடுவன்.”

பெல்ட்டன் பத்திரிகையை மடித்து வைத்தார். இரண்டு வருடம் மறைத்து வைத்திருந்ததை இனியும் விழுங்க முடியவில்லை.

“சைலஸ், இந்த நாட்டிலை அடிமை எண்டு ஒருத்தரும் இல்லை. வந்திறங்கின அண்டைக்கே நீ சுதந்திர மனிசன். எனக்குத் தெரியும். நான் சொல்லேல்லை.”

“தெரியும் ஐயா. இந்த அறையை வாடகைக்குத் தந்த அம்மா போன வருசமே சொல்லிப்போட்டா. அவவின்ரை பாஷை கொஞ்சம் பழகிட்டன்.”

“பிறகேன் நிண்டனீ?”

“எங்கை போறது? என்ரை மனிசி டெலியா ஜோர்ஜியாவிலை. போர் முடியமுன்னம் அங்கை போனால் திரும்பவும் அடிமைதான். உங்களோடை நிண்டால் ஊர்ச் செய்தியாவது காதிலை விழும்.”

பெல்ட்டன் அவசரமாக ஜோர்ஜியா வீட்டில் இருந்த தன் மனைவிக்கு நாலு வரி எழுதி, கொண்டுபோய்க் கொடுக்கும்படி நீட்டினார். சைலஸ் வாங்கவில்லை.

“தபாலிலை போடுங்கோ ஐயா. அந்த வீட்டுப் படி நான் இனி மிதிக்கமாட்டன்.”

படியிறங்கும் சத்தம் கேட்டது. ஓடிப்போய் மறிக்க எந்தச் சட்டமும் அவர் கையில் இல்லை.

மன்னிப்புக் கேட்டு அவர் அனுப்பிய மனுக்களுக்குப் பதில் வரவில்லை. கடை எழுத்தர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வயிறு கழுவினார். சைலஸ் போனபின் வந்த நான்காம் குளிர்காலத்தில்தான் எல்லோருக்கும் மன்னிப்பு வந்தது. அதற்கு முந்திய மாதம் மனைவி இறந்த செய்தி வந்திருந்தது. பெல்ட்டன் துறைமுகம்வரை போய் ஊருக்குப் போகும் கப்பல் நாட்களை விசாரித்தார். பிறகு பயணச்சீட்டு வாங்காமலே அறைக்குத் திரும்பி, மறுநாள் பாடத்தை எழுத உட்கார்ந்தார்.