கடைசி அரை லிட்டர் பச்சை

அது என் கணவர் தன் கையால் கலந்த பச்சை பெயிண்ட். எதை எவ்வளவு சேர்த்தார் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. எங்கள் பழைய ஜீப்பில் அடிக்கப் பின்கதவு ஒன்றுதான் பாக்கி; அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். டப்பாவில் அரை லிட்டர் இருந்தது. அது போதாவிட்டால் வேறு பெயிண்ட் வாங்கி வண்டி முழுக்க அடிக்க வேண்டும். அவர் அடித்தது அடியில் போய்விடும்.

பெயிண்டரான கொழுந்தனார் கதவின் ஓரங்களையே சுற்றிச் சுற்றி அடித்தார். நடுப்பகுதி வெறும் சாம்பல் நிறப் பிரைமராகவே நின்றது.

“தம்பி, நடுவுல அடிங்க! தீந்துடப் போகுது!”

“சும்மா இருங்க அண்ணி, பேசினா கவனம் சிதறுது.”

பெயிண்ட் கன் இருமியது. பிறகு காற்று மட்டும் வந்தது. நடுவில் ஒரு தட்டு அகலத்துக்குச் சாம்பல் மிச்சம்.

“போச்சா?”

“ஸ்டெப்னிய எங்க மாட்டுவோம் அண்ணி?”

பின்கதவின் நடுவில்தான்.

“இத முன்னாடியே சொன்னா என்னவாம்?”

“சொல்லிட்டு, அப்புறம் ஓரத்துக்கே பத்தாம போயிருந்தா? அண்ணன் எந்திரிச்சு வந்து ஒதைச்சிருப்பாரு.”

பெயிண்ட் காய்ந்ததும் ஸ்டெப்னியை நானே உருட்டிக்கொண்டு வந்தேன். டயர் பஞ்சரானால் மட்டும் அந்தச் சாம்பல் வட்டம் வெளியே தெரியும்.