குமரப்பன் பிடுங்கிய குப்பைமேனி

எங்கள் வரிசையில் பூனை காணாமல் போனால் முதல் சந்தேகம் குமரப்பன் மேல்தான். தப்பில்லை. காரின் கூரையில் இருந்த பூனைக் கால்தடத்தைப் படமெடுத்து, சிவப்பில் வட்டம் போட்டு, எங்கள் குனோங் ராபாட் வட்டாரம் முழுக்கத் தெரியும்படி வாட்சாப்பில் அனுப்பிய மனிதர். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர். மனைவி புனிதவதி, மகளின் பிரசவத்துக்காக மெல்பர்ன் போயிருக்கிறார்.

காணாமல் போனது என் பக்கத்து வீட்டு விமலாவின் பூனை. கறுப்பு நிறம் என்பதால், மீ கோரேங் நூடுல்ஸில் ஊற்றும் கறுப்புச் சாற்றின் பெயரையே வைத்துக் கிச்சாப் என்று கூப்பிடுவாள். தீபாவளி மழையில் போனது, வரவில்லை. பல் மருத்துவமனை வேலை முடிந்து வந்ததும், உடுப்புக்கூட மாற்றாமல் பின்சந்தில் நின்று "கிச்சாப், கிச்சாப்" என்று கூவுவாள். கேட்கப் பாவமாக இருக்கும்.

"அந்த அங்கிள்தான்க்கா பையில போட்டு பத்து காஜா பாசார்ல விட்டுட்டு வந்திருப்பாரு. நான் போயி ஒவ்வொரு மீன்கடையா தேடிட்டேன்."

"செய்யக்கூடிய ஆளுதான்லா," என்று நானும் என் பங்குக்கு எண்ணெய் ஊற்றினேன்.

எனக்கு வேறொரு சந்தேகமும் இருந்தது. மேகியைத் தவிர எதுவும் சமைக்கத் தெரியாத குமரப்பன், தினமும் மீன் வேனில் கெம்போங் மீன் வாங்கினார். மனைவி ஊரில் இல்லை, மீன் மட்டும் வருகிறது என்றால் யாரோ ஒருத்தி வந்து சமைக்கிறாள் என்றுதானே அர்த்தம்? நான் யாரிடமும் சொல்லவில்லை, பாதித் தெருவைத் தவிர.

பின்சந்தில் பூனையை விடத் தாராளமாக இருந்தது குப்பைமேனி. பார்த்தால் காஞ்சொறிக்குத் தங்கை மாதிரி, ஓரமெல்லாம் பல்பல்லாக இலை. ஆனால் தொட்டால் கடிக்காது. நான்கு நாள் மழை பெய்தால் போதும், சிமெண்ட் வெடிப்பிலும் லோங்காங் சாக்கடை ஓரத்திலும் கிளம்பிவிடும். விமலாவின் மாமனார் இராமசாமி, ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிய காலத்திலிருந்து அரிப்புக்கு இதைத்தான் நம்புகிறார். இலையை உப்பும் மஞ்சளும் சேர்த்து அரைத்து முழங்கையில் பூசி, காய்ந்ததும் குளிப்பார். இலையை மட்டும் கிள்ளுவார், செடியைப் பிடுங்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங் என்று குமரப்பன் அறிவித்தார். தெருவே கூடிப் பின்சந்தைத் துப்புரவு செய்ய வேண்டும்.

"எனக்கு ரெண்டு செடி விட்டு வைங்கலா," என்றார் இராமசாமி.

"வேரோட எடுக்கலைன்னா திரும்ப வந்துடும் அண்ணே. ரூல்னா ரூல்தான்."

கையுறை மாட்டிக்கொண்டு அவரே குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கித் தம் பின்கதவு ஓரத்தில் குவித்தார். நான் எல்லாருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்போது சுவரேறி ஒரு மஞ்சள் பூனை வந்தது. பின்னால் காதறுந்த ஒன்று. பிறகு எங்கிருந்தென்றே தெரியவில்லை, ஒரு கூட்டம். வேரை முகர்ந்து, முகத்தைத் தேய்த்து, எச்சில் ஒழுகப் புரண்டன. ஒன்று குமரப்பனின் பூட்ஸைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டது.

இராமசாமி சிரித்தார். "பூனைக்கு இந்த வேரு கள்ளு மாதிரி."

"முன்னயே சொல்லக் கூடாதா?"

"நீங்கதான் ரூல்னீங்களே."

குமரப்பன் தம் சமையலறை ஜன்னலை மூட ஓடினார். அதற்குள் ஜன்னல் வழியே முந்திக் குதித்தது ஒரு கறுப்புப் பூனை. கழுத்தில் சிவப்புப் பட்டி, வெண்கல மணி, தளதளவென்று தொப்பை. நேராகக் குவியலுக்குள் விழுந்து மல்லாந்தது.

"கருப்பையா, உள்ள போ," என்றார் குமரப்பன். சொன்ன பிறகுதான் சந்தே தம்மைப் பார்ப்பதைக் கவனித்தார்.

விமலாவின் கையிலிருந்த விளக்குமாறு விழுந்தது. "கிச்சாப்."

போதையில் இருந்த பூனை இரண்டு பெயருக்கும் திரும்பவில்லை.

"பேரையே மாத்திட்டீங்களா அங்கிள்?"

அவர் கையுறையைக் கழற்றினார். "மழையில தானா வந்துச்சும்மா. துவட்டி விட்டேன். காலையில குடுத்துடலாம்னு நெனச்சேன். காலையில பாத்தா மடியில தூங்குது."

"நான் தெனம் கூப்பிட்டது கேக்கலையா?"

"கேட்டுச்சு. டிவி சத்தத்தக் கூட்டி வச்சுக்கிட்டேன்."

விமலா கத்தப் போகிறாள் என்று நான் தேநீரைக் கீழே வைத்தேன். அவள் பூனையைத் தூக்கினாள். கனத்தில் கை கொஞ்சம் இறங்கியது.

"என்னதான் போடுறீங்க இதுக்கு?"

"கெம்போங். முள்ளெடுத்து."

அந்த இடத்தில் நான் சமையற்காரியை மனத்திலிருந்து அழித்தேன். பாதித் தெருவின் மனத்திலிருந்து அழிப்பது மறுநாள் வேலை.

அன்று மாலை பின்சந்தில் யாரும் கூவவில்லை. மறுநாள் காலை, வேலைக்குப் போகும் முன் விமலா பூனையோடு குமரப்பன் வீட்டு வாசலில் நின்றாள். நான் அந்த நேரத்தில் தற்செயலாகத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"பகல்ல மாமா தூங்கிடுவாரு, இது தனியா இருக்கும். நான் வந்ததும் திருப்பிக் குடுத்துடணும். இன்னொரு தடவ டிவி சத்தத்தக் கூட்டினீங்க, நான் நேரா மெல்பர்னுக்கு போன் போடுவேன். பேரு கிச்சாப்."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், பூனைக்குக் கை நீட்டியபடியே.

அன்று முதல் அப்படித்தான் நடக்கிறது. புனிதவதி திரும்பி வந்தால் என்ன ஆகும் என்பது தனிக் கதை. அவருக்கு வீட்டில் ஒரு முடி கிடந்தாலே ஆகாது. அவரிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய தவம் என்று தெருவுக்கே தெரியும்.

விழுந்த விதையிலிருந்து குப்பைமேனி மறுபடி வந்துவிட்டது. சங்கத் தலைவரின் பின்கதவு ஓரத்தில்தான் அடர்த்தி அதிகம். நேற்று அவர் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, ரூல் மாறிடுச்சா?" என்றேன்.

"அரிப்புக்கு வேணும் மங்களம்," என்றார்.

இரண்டு கைகளையும் எட்டிப் பார்த்தேன். பளிங்கு மாதிரி இருந்தன.