எர்மினியா வீட்டுக்குப் போகிறவர்கள்

புயலுக்கு வானொலி ஒரு பெயர் வைக்கும். லாஸ் உவாஸ் தெருவில் அந்தப் பெயர் ஒரு வாரம் தாங்காது. தெருவுக்கென்று தனிக் கணக்கு உண்டு. தெருக்காரன் ஒஸ்மெல் தன் பன்றியை எர்மினியாவின் குளியலறையில் கட்டிப்போட்ட வருடம் பன்றிப் புயல். முகம் பார்க்காமல் இருந்த இரண்டு குடும்பங்கள் ஒரே அறையில் மூன்று நாள் மாட்டிக்கொண்டு, டொமினோ கட்டை ஆடி, கடைசியில் சம்பந்தியாகியே வெளியே வந்த வருடம் கல்யாணப் புயல். எந்தப் புயலானாலும் கதை நடந்த இடம் எர்மினியா வீடுதான். பனையோலையும் பலகையுமாக இருந்த அந்தத் தெருவில் ரொம்ப நாள் வரை கான்கிரீட் கூரை போட்ட வீடு அது ஒன்றுதான்.

நெரெய்தா முதன்முதலில் அங்கே போனபோது அவளுக்கு ஒன்பது வயது. வெளியே உலகம் பிய்த்துக்கொண்டு பறக்க, உள்ளே இருபது பேர் வரிசையாகப் பாய்மெத்தை போட்டுப் படுத்துக் கதை பேசினார்கள். அவள் பயப்படவேயில்லை. புயல் முடிந்து வீட்டுக்குப் போகச் சொன்னபோதுதான் அழுதாள். நாற்பத்தாறு வயதில் இன்றும் அவளுக்கு அந்த வீட்டின் வாசனை நினைவிருக்கிறது. காபி, ஈர மெத்தை, மண்ணெண்ணெய் விளக்கு.

இப்போது தெருவின் புயல் நோட்டு அவள் கையில். இடப்பக்கம் வீட்டை விட்டுப் போகிறவர்கள். வலப்பக்கம் அவர்களை ஏற்கிறவர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எத்தனை பேர் என்று ஒரு கட்டம். ஜூன் மாதம் புயல் பருவம் தொடங்குமுன் நோட்டைப் புதிதாக எழுத வேண்டும். வலப்பக்கத்தில் முதல் பெயர் என்றைக்கும் எர்மினியா.

இந்த மே மாதம் ஒரு பொறியாளர் வந்து எர்மினியா வீட்டுக் கூரையைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். காலமாகிவிட்ட அவள் கணவர், சிமெண்ட் கிடைத்த சந்தோஷத்தில், கடற்கரை மணலையே அள்ளிக் கலந்து போட்ட கூரை அது. உப்பு உள்ளே இருந்த கம்பியைத் தின்றுவிட்டது. புயலில் இந்த வீட்டில் யாரும் தங்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்திட்டு, "நீங்களே சொல்லிடுங்க" என்று காகிதத்தை நெரெய்தாவிடம் கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார்.

நெரெய்தா சொல்லவில்லை. காகிதத்தை நோட்டுக்குள் செருகினாள். ஜூனில் வலப்பக்கத்தில் மறுபடியும் எர்மினியா என்றே எழுதினாள். பழகிய கை தன் பாட்டுக்கு எழுதிவிட்டது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். சுத்தப் பொய். எர்மினியாவின் மகன் கடல் தாண்டித் தாம்பாவுக்குப் போனபின் அந்த வீட்டில் ஆள் சத்தம் கேட்பது புயலுக்குத்தான். அதையும் எப்படிப் பிடுங்குவது?

அக்டோபரில் புயல் வந்தேவிட்டது. நாளை நண்பகலில் கரையைக் கடக்கும் என்றது வானொலி. நோட்டில் எர்மினியா வீட்டுக்கென்று எழுதியிருந்த பதினொரு பேரும் மெத்தையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். நெரெய்தா நோட்டை எடுத்துக்கொண்டு காலையிலேயே ஓடினாள்.

எர்மினியா நாற்காலிகளைச் சுவரோரம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். "வாடி. கறுப்பு பீன்ஸ் ஊறப் போட்டாச்சு. ஒஸ்மெல் இந்த வாட்டியும் பன்னியோட வந்தான்னா பன்னி உள்ள, அவன் வெளிய. இப்பவே சொல்லிடு."

"அக்கா, கொஞ்சம் உக்காருங்க."

"உக்கார நேரமா இது?"

நெரெய்தா காகிதத்தை நீட்டினாள். எர்மினியா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"மே மாசம்னு போட்டிருக்கு."

"ஆமாக்கா."

"அஞ்சு மாசமா நோட்டுக்குள்ள வச்சு அடைகாத்தியா?"

"சொல்ல வாய் வரலக்கா."

"அந்தப் பதினோரு பேரு தலைல கூரை விழுந்திருந்தா, அப்ப வந்திருக்குமா வாய்?"

நெரெய்தாவுக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. கண்ணில் நீர் முட்டியது. துடைக்கவும் வெட்கமாக இருந்தது.

எர்மினியா காகிதத்தை மடித்தாள். "விடு. நான் மட்டும் என்ன யோக்கியம். அந்த ஆளு தட்டினப்ப நானும் பக்கத்துலதான் நின்னேன். பானை மாதிரி டொக்கு டொக்குன்னு கேட்டுச்சு. நீ வந்து சொல்லுவன்னு பாத்தேன். வரல. சரி, நாமளும் கேக்க வேணாம்னு இருந்துட்டேன். காலைல எந்திரிச்சா கட்டில் மேல காரை உதுந்து கிடக்கும். கூட்டி அள்ளிடுவேன். புயல் வந்தாதானடி எனக்கு வீடு வீடா இருக்கு."

மடித்த காகிதத்தை எர்மினியா நோட்டுக்குள்ளேயே திருப்பிச் செருகினாள். பிறகு கேட்டாள். "உன் வீட்டுக்குத்தான் போன வருஷம் கான்கிரீட் கூரை போட்டாச்சே. பதினோரு பேரு கொள்ளுமா?"

"கொள்ள வைக்கணும்."

"பன்னி?"

"பன்னியும்தான்."

"சரி, அவங்கள அங்க அனுப்பு. பீன்ஸயும் தூக்கிட்டுப் போ."

"நீங்க?"

"நான் கதவப் பாத்துக்கிட்டு இங்க இருக்கேன். ஒருத்தர் வீட்டுல போய் ஒண்டினதில்ல நான். எனக்கு அது வராது."

"அப்ப நானும் இங்கயே இருக்கேன். விழுந்தா ரெண்டு பேரு மேலயும் விழட்டும்."

"மெரட்டுறியா?"

"ஆமா."

நெரெய்தா நோட்டைத் திறந்தாள். வலப்பக்கத்தில் எர்மினியா பெயரின் குறுக்கே கோடு போட்டு, கீழே தன் பெயரை எழுதினாள். பேனாவை எர்மினியாவிடம் நீட்டினாள். அவள் அதை வாங்குவதற்குள் ஒரு யுகம் போனது போலிருந்தது. கடைசியில் வாங்கி, இடப்பக்கத்தில், போகிறவர்களுக்குக் கீழே, எர்மினியா கஸ்தானேதா என்று பள்ளிக்கூடக் கையெழுத்தில் முழுப்பெயரையும் எழுதினாள். எதிரே இருந்த கட்டத்தில் பேனா நின்றது. பிறகு, ஒன்று என்று போட்டாள்.

"இத்தன வருஷமா நீங்கெல்லாம் இந்தப் பக்கத்துலதான் இருந்தீங்களா?" என்றாள் நோட்டைப் பார்த்தபடியே. "ரொம்பக் கஷ்டமா இருக்குமே."

"இல்லக்கா," என்றாள் நெரெய்தா. "உங்க வீட்டுக்குன்னு எழுதினப்ப ஒரு நாளும் கஷ்டமா இருந்ததில்ல."