ரிவர்ஸ் விழாத நாள்

டெய்லரின் மனைவி டெய்லரின் பழைய பேண்ட்டை மாட்டிக்கொண்டு படகின் எஞ்சின் குழிக்குள் இறங்கியதைப் படகுத்துறையே பார்த்தது. பார்க்காத மாதிரி பார்த்தது என்பதுதான் சரி. கயிறு சுற்றிக்கொண்டிருந்தவர்கள் சுற்றியதையே பிரித்து மறுபடி சுற்றினார்கள். அடுத்த படகுக்காரர், துறையில் ரேடியோ என்று பெயர் வாங்கியவர், துடைத்து முடித்த தன் படகின் கண்ணாடியைத் திரும்பத் துடைக்க ஆரம்பித்தார். டெய்லர் மட்டும் பலகை மேடையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அடிவயிற்றில் ஒரு கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து தையல் இன்னும் சரியாக ஆறவில்லை. ஊருக்கெல்லாம் தையல் போட்டவருக்கே தையல் போட்டுவிட்டார்கள் என்று ரேடியோ அதற்குள் பாதித் துறைக்குச் சொல்லியாகிவிட்டது.

கியர் ஆயில் மாற்ற ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் டெய்லர் தன் தையல் மெஷினுக்கு ஊசி மாற்றக்கூட வெளியாளை விடாதவர். படகு வந்த நாளிலிருந்து அதன் கியருக்கு ஆயிலும் அவர்தான், அளவும் அவர்தான். நாளைக்கு மகளும் மருமகனும் குழந்தையோடு வருகிறார்கள். எதிர்த் தீவுக்குக் கூட்டிப்போவதாகப் பேத்திக்கு ஃபோனில் வாக்குக் கொடுத்தாயிற்று. டெய்லரால் ஸ்டியரிங்கை வளைத்துத் திருப்ப முடியாது. மனைவிக்கு நன்றாகவே ஓட்டத் தெரியும். ஆனால் போன கோடைக்குப் பிறகு அவள் அந்த ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

அன்றைக்கு அவள்தான் படகைக் கரைக்குக் கொண்டுவந்தாள். நிறுத்துவதற்கு லிவரை ரிவர்ஸுக்கு இழுத்தாள். எஞ்சின் கத்தியது, படகு நிற்கவில்லை. நேராகப் போய் ரேடியோவின் படகில் இடித்துக் கைப்பிடிக் கம்பியை வளைத்துவிட்டது. ரிவர்ஸ் விழவில்லை என்று அவள் சொல்லி முடிப்பதற்குள், இப்படி வெடுக்கென்று இழுத்தால் எந்த கியர் தாங்கும் என்று டெய்லர் துறை முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டார். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம், கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு, அந்தக் கதையை அளந்தார். அளக்க அளக்க அவள் கை இன்னும் வேகமாக இழுத்தது, படகு இன்னும் பலமாக இடித்தது. பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டே எல்லாவற்றையும் அவள் கேட்டாள். வீட்டுக்கு வந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"நான் உடைக்கலைன்னு அதே துறையில நின்னு சொல்லுங்க. அப்புறம் ஓட்டறேன்."

அவள் செய்யாததைச் செய்ததாகச் சொல்லியிருந்தால்தானே மாற்றிச் சொல்ல வேண்டும் என்று அவர் இருந்துவிட்டார். இன்று ஆயில் மாற்ற மட்டும் வருகிறேன் என்று அவள் வந்ததே பெரிய காரியம்.

நாற்காலியிலிருந்து உத்தரவுகள் போயின. கயிறு கட்டியபடியே எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிடு, ஆயில் சூடானால்தான் இளகும். நிறுத்து. கியர் பெட்டி மேலே குமிழ் வைத்த கம்பி இருக்கும், அதுதான் டிப் ஸ்டிக், திருகி எடு. அந்த ஓட்டைக்குள் குழாயை விட்டுப் பம்ப் பண்ணு. அவள் பம்ப் பண்ணினாள். கருகிய வாடையோடு காப்பிக் கசண்டு நிறத்தில் ஒன்று வந்தது. அளவு போட்ட டப்பாவில் ஒரு லிட்டரைத் தாண்டிக் கொஞ்சம் ஏறியதும் குழாய் வெறும் காற்றை உறிஞ்சிக் கரகரவென்றது.

ரெண்டு லிட்டர் பிடிக்கும் என்றுதானே சொன்னீர்கள், மிச்சம் எங்கே என்று குழிக்குள்ளிருந்து கேட்டாள். உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்றார் டெய்லர். முக்கால் லிட்டர் சுவரில் ஒட்டுமா என்று அவள் கேட்கவில்லை. ரேடியோவின் கண்ணாடி துடைக்கும் கை மட்டும் ஒரு நொடி நின்றது.

புது ஆயில் ரத்தச் சிவப்பில் இறங்கியது. பாதி ஊற்றியதும் அவளுக்கு அந்த அழுக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை. கியர் பெட்டியின் தலையில் வருஷக்கணக்கில் படிந்த பிசுக்கைத் துணியால் அழுத்தித் துடைத்தாள். துடைத்தவள் குனிந்தாள். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

"என்னங்க, இங்க ஒரு படம் செதுக்கியிருக்கு."

"என்ன படம்?"

"இந்தக் கம்பியோட படம்தான். திருகாம, ஓட்டை மேல சும்மா வெச்சிருக்கிற மாதிரி. மரை எல்லாம் வெளியே தெரியுது."

அவள் கம்பியைத் துடைத்து அவர் சொல்லித் தந்த மாதிரி திருகி இறக்கி எடுத்தாள். ஆயில் மேல்கோட்டைத் தொட்டிருந்தது. மறுபடி துடைத்து, திருகாமல் சும்மா வைத்து எடுத்தாள், கீழ்க்கோட்டைக்கூட எட்டவில்லை. கம்பியை அவர் பக்கம் உயர்த்திக் காட்டினாள். இரண்டுக்கும் நடுவே ஒரு விரல்கடை. துணியில் அந்த விரல்கடையை விட்டால் சட்டை தொப்புளுக்கு மேலே ஏறிவிடும் என்று அவருக்குத் தெரியும். மூச்சை இழுத்துப் பிடித்து நிற்கிறவர்களிடம் வயிற்றைத் தட்டி, விடுங்க சார், அப்புறம் அளவெடுக்கிறேன் என்பார். அந்த ஏமாற்று அவரிடம் ஒருநாளும் நடந்ததில்லை. திருகிய கம்பி ஒரு விரல்கடை ஆழமாக இறங்கி, இல்லாத ஆயிலைக் காட்டி, இந்தப் பெட்டி வருஷம் தவறாமல் அவரை ஏமாற்றியிருக்கிறது. அரைகுறை ஆயிலில் ரிவர்ஸ் எப்படிப் பிடிக்கும்? போன கோடையில் அவர் கையே லிவரைப் பூப்போல இழுத்திருந்தாலும் படகு நேரே போய்த்தான் இடித்திருக்கும். இதெல்லாம் மண்டையில் ஓடும்போது அவர் பார்வை தானாக ரேடியோ படகின் வளைந்த கைப்பிடிக் கம்பிக்குப் போனது. ரேடியோ அங்கேதான் சாய்ந்து நின்றிருந்தார், கண்ணாடியை மறந்து.

"இது பழைய மாடல் படமா இருக்கும்," என்றார் டெய்லர். அவருக்கே அது பிடிக்கவில்லை.

அவள் ஆயில் டப்பாவை எடுத்தாள். மிச்சத்தையும் ஊற்றினாள். திருகாமல் வைத்துப் பார்த்தாள், ஊற்றினாள், பார்த்தாள். மேல்கோட்டில் வந்து நின்றது. மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு ஏறி வந்து ஸ்டியரிங்குக்கு முன்னால் நின்றாள். சோதித்துப் பார்க்கத்தான். வேறு யார் பார்ப்பது?

எஞ்சின் பிடித்தது. லிவரை முன்னே தள்ளினாள். முன்கயிறு தளர்ந்து பின்கயிறு விறைத்தது. பிறகு ரிவர்ஸுக்கு இழுத்தாள். துறைக்காரர்கள் எல்லாரும் பார்க்க, வெடுக்கென்றுதான் இழுத்தாள். அடியில் ஒரு கனத்த சத்தம், அவ்வளவுதான், படகு சொன்ன பேச்சுக் கேட்டுப் பின்னால் நகர்ந்தது. முன்கயிறு தண்ணீரை உதறிக்கொண்டு எழுந்தது.

"அப்போ அன்னிக்கு என்னதான் ஆச்சுண்ணே?" என்றார் ரேடியோ, ஒன்றும் தெரியாதவர் மாதிரி.

டெய்லர் நாற்காலியைப் பிடித்து மெதுவாக எழுந்தார். தையல் சுருக்கென்றது. எஞ்சின் நல்ல இரைச்சலாக இருந்தது; அந்த இரைச்சலுக்கு அடியில் சொல்வது சுலபமாக இருந்தது.

"ஆயில் கம்மி. அவ மேல தப்பில்ல."

ரேடியோ காதுக்குப் பின்னால் கையை வைத்தார். கேட்கவில்லை என்று தலையை ஆட்டினார். கயிறு சுற்றிக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்தார்கள்.

ஸ்டியரிங்குக்கு முன்னால் நின்றவள் கணவனின் உதட்டைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி எஞ்சினை அணைத்தாள்.

சத்தம் மொத்தமாக நின்றது. படகு மெல்ல முன்னுக்கு வந்தது. விறைத்திருந்த கயிறு தொய்ந்து, சொட்டிக்கொண்டே, தண்ணீருக்குள் இறங்கியது. துறையில் ஒரு வாளிகூட அசையவில்லை. டெய்லர் வயிற்றிலிருந்த கையை எடுத்துவிட்டு மூச்சை உள்ளே இழுத்தார்.